நானூறு வளைவுக்கு எந்த வண்டி? ரெயூனியன் மலைகளில் வாடகைக் கார்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் மலைகளைச் சுற்ற வாடகைக்கு எடுக்கும்போது பெரிய வண்டிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி மூன்றுக்கும் எடுக்கும் கூடுதல் காப்பீட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. 90 குதிரைத்திறன் உள்ள டர்போ பெட்ரோல் வண்டி, கையால் மாற்றும் கியர், டிக்கியில் ஒரு உண்மையான ஸ்டெப்னி. நான்கு பேர் போகும் பயணத்துக்கு இது போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஓர் அளவுகோல். எரிமலையைப் பார்க்க வண்டி போகக்கூடிய கடைசி இடமான பா தெ பெல்கோம்ப் 2,311 மீட்டர் உயரம். ஊட்டி நகரத்தைவிடச் சற்றே அதிகம். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையின் உச்சி 2,632 மீட்டர், தொட்டபெட்டா 2,637. ஆனால் ஊட்டிக்கு ஏறத் தொடங்கும் மேட்டுப்பாளையமே கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே சேன் பியேர் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, சுமார் 50 கிலோமீட்டரில் அந்த உயரத்தைத் தொட்டு, அன்று மாலையே மறுபடி கடலுக்கு இறங்குவார்கள். வண்டியைச் சோதிப்பது ஏற்றம் அல்ல, அந்த இறக்கம்தான். வாடகை மேசையில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வண்டி ரகம்

மிக மலிவான ரகத்தில் கிடைப்பவை டர்போ இல்லாத 1.0 லிட்டர் வண்டிகள், 65 முதல் 75 குதிரைத்திறன் வரை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். கீழே 70 குதிரை என்றால் பெல்கோம்பில் 55-தான். இரண்டு பேரும் இரண்டு பையும் என்றால் சமாளிக்கலாம். நான்கு பேரும் நான்கு பெட்டியும் என்றால் சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் ஏற்றம் முழுக்க இரண்டாம் கியர், கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர், நடுவே பேருந்துக்குப் பின்னால் நின்று நின்று புறப்படும்போது கருகும் கிளட்ச் வாசனை. கிளட்ச் தேய்மானத்தைப் பல ஒப்பந்தங்கள் ‘தவறான பயன்பாடு’ என்று எழுதி வைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டிகளில் ரெனோ த்வாங்கோவின் மூன்றாம் தலைமுறைக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் சக்கரங்கள் நன்றாக மடங்கும். குறுகிய வளைவில் ஒரே வீச்சில் திரும்பிவிடும். டிக்கி மட்டும் கைக்குட்டை அளவு.

நடுத்தர ரகத்தில் ரெனோ கிளியோ, டாசியா சான்டெரோ இரண்டும் தீவு முழுக்கக் காணலாம். இரண்டிலும் மூன்று சிலிண்டர், 1.0 லிட்டர், டர்போ, 90 குதிரை எஞ்சின் வருகிறது. மெலிந்த காற்றை டர்போ ஈடுகட்டுவதால் மூன்றாம் கியரிலேயே பெரும்பாலான ஏற்றங்கள் முடிந்துவிடும். சான்டெரோ ஸ்டெப்வே கிடைத்தால் அதையே எடுங்கள். சாதாரண சான்டெரோவைவிடத் தரையிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் உயரம் கூடுதல். எரிமலைப் பாதையின் குழிகளில் அந்த 4 சென்டிமீட்டரின் அருமை தெரியும். ஆனால் முன்பதிவில் ‘இது அல்லது இதுபோன்றது’ என்றுதான் இருக்கும். ரகத்துக்குத்தான் உறுதி, மாடலுக்கு இல்லை. அதே ரகத்தில் டர்போ இல்லாத எஞ்சினும் வரக்கூடும் என்பதால், சாவி வாங்கும் முன் எஞ்சின் எது என்று கேட்டுவிடுங்கள்.

டஸ்டர் மாதிரி உயரமான வண்டிகளைப் பார்த்ததும் ‘மலைக்கு இதுதான்’ என்று தோன்றும். வாடகைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு சக்கர இழுவைதான், நான்கு சக்கர இழுவை அல்ல. அது தேவைப்படும் சாலையும் வழக்கமான சுற்றுலாத் தடத்தில் இல்லை. தரை இடைவெளி நல்லது, மறுப்பதற்கில்லை. பதிலுக்கு உயரமான உடம்பு ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து சாய்ந்து நிமிரும்; பின்சீட்டில் இருப்பவர்கள் சிலாவோஸ் சேருமுன் பாலிதீன் பை கேட்பார்கள். ஏழு பேர் அமரும் வண்டி வேண்டாம். இரண்டு சின்ன வண்டி எடுப்பதே மேல்: ஒற்றை வழிச் சுரங்கத்தில் பின்னோக்கி வர நேரும்போது நீளம்தான் எதிரி.

தானியங்கி கியர்? மொரீஷியஸ், இந்தியா, இலங்கையிலிருந்து வந்து முதன்முறை வலப்பக்கச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வேலை குறையும். ஆனால் கியரைக் கையால் பிடித்து வைக்கும் வசதியோ, இறக்கத்துக்கான ‘B’ நிலையோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அந்த வண்டி கடற்கரைக்குப் போகட்டும்.

மின்சாரக் காரில் ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு 1,600 கிலோ எடையை 2,300 மீட்டர் தூக்க மட்டும் 10 யூனிட் மின்சாரம் வேண்டும். உருளும் தடையும் எஞ்சின் இழப்பும் ஹீட்டரும் தனி. 40 யூனிட் பேட்டரி என்றால் கால்பங்கு, உயரத்துக்கே போய்விடும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும், பிரேக்கும் சூடாகாது. ஒரே ஒரு பொறி: மலை மேல் தங்கும் இடத்தில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஆக்கிவிட்டால், காலையில் இறங்கும்போது திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, சார்ஜ் ஏற்றும் பிரேக்கிங் வேலை செய்யாது. மேலே 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள்.

மேசையில் கையெழுத்துப் போடும் முன்

வாடகை நிறுவனங்களின் பெரும்பகுதி சேன் மாரியில் உள்ள ரோலான் காரோஸ் விமான நிலையத்தில் இருக்கிறது. தெற்கே இறங்குபவர்களுக்குப் பியேர்ஃபோன். மேசையில் இருப்பவரின் சட்டைப் பெயரில் முத்துசாமியோ வீராசாமியோ பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஆனால் பேச்சு பிரெஞ்சும், தீவின் பேச்சுமொழியான கிரியோலும்தான். ஐந்தாறு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தமிழில் வணக்கம் சொன்னால் புன்னகை கிடைக்கும், தள்ளுபடி கிடைக்காது.

இது பிரான்ஸின் மாவட்டம். சட்டம் பிரெஞ்சுச் சட்டம். ஓட்டுநர் உரிமம் பிரெஞ்சில் இல்லையென்றால் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூடவே வேண்டும். இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தை வீட்டில் விட்டுவிட்டு அனுமதியை மட்டும் கொண்டுவந்தால் செல்லாது. வைப்புத்தொகைக்கு முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மாமாவின் கார்டை எங்குமே ஏற்பதில்லை. இரண்டாவது ஓட்டுநரின் பெயரைக் கட்டாயம் எழுத வையுங்கள். மலையில் ஒருவரே நாள் முழுக்க ஓட்டினால் மாலை இறக்கத்தில் கண் சொருகும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைவிரிக்கும்.

ஒப்பந்தத்தில் நான்கு சொற்களைத் தேடுங்கள். ‘பிரான்ஷீஸ்’ என்பது விபத்தானால் உங்கள் பையிலிருந்து போகும் அதிகபட்சத் தொகை. ‘ப்னே’ டயர், ‘பார்பிரீஸ்’ முன் கண்ணாடி, ‘சூபாஸ்மான்’ அடிப்பகுதி. அடிப்படைக் காப்பீட்டில் இந்தக் கடைசி மூன்றும் சேராதவையாகவே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ரெயூனியன் மலைகளில் உடைவதோ இந்த மூன்றுதான். பிரான்ஷீஸைக் குறைக்கும் திட்டம் ஒன்றை விற்பார்கள். அதற்குள் இந்த மூன்றும் அடங்குமா என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். ‘எல்லாம் அடங்கும்’ என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

ஐந்தாவதாக ஒரு சொல்: ‘பிஸ்த்’, அதாவது தார் போடாத பாதை. சில ஒப்பந்தங்கள் பிஸ்த்தில் ஓட்டுவதையே தடை செய்கின்றன. எரிமலைக்குப் போகும் கடைசிப் பகுதி பிஸ்த். தீவுக்கு வருபவர்களில் எத்தனையோ பேர் அங்கே போவதற்காகத்தான் காரே எடுக்கிறார்கள் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். எல்லாக் காரும் அங்கே போகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அடிபட்டால் அந்த ஒரு வரி உயிர் பெற்றுவிடும். இது நேர்மையான வியாபாரம் அல்ல. எரிமலைப் பாதை அனுமதிக்கப்படுகிறதா என்று முன்பதிவின்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வதுதான் வழி.

பிறகு வண்டியைச் சுற்றி ஒரு நடை. நான்கு சக்கர விளிம்புகளையும் டயரின் பக்கவாட்டையும் கிட்டத்தில் படம் எடுங்கள். கதவுக் கீறலைவிட அதுதான் முக்கியம். டயர் பள்ளத்தின் சட்டபூர்வக் குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். ஈரமான மலைப்பாதைக்கு 3 இருந்தால்தான் நிம்மதி. தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது பசைப்புட்டியும் காற்று அடிக்கும் கருவியும் மட்டுமா? ஆணி குத்திய ஓட்டையைப் பசை அடைக்கும். கல் கிழித்த பக்கவாட்டை எந்தப் பசையும் அடைக்காது. மூன்று நிமிடச் சோதனை. ஆனால் கைப்பேசிச் சிக்னல் வந்துபோகும் எரிமலைச் சமவெளியில் அது அரை நாளை மிச்சப்படுத்தும். ஒளிரும் மேலங்கியும் முக்கோணமும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மேலங்கி டிக்கியில் அல்ல, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எரிமலைப் பாதை

சேன் பியேரிலிருந்து தாம்போன் வழியாக ஏறும் தேசிய நெடுஞ்சாலை 3 அகலமானது, சிரமமில்லாதது. ஊர்ப் பெயர்களே கிலோமீட்டர் கணக்கு: ‘பன்னிரண்டாவது’, ‘பதினான்காவது’, ‘இருபத்து மூன்றாவது’. ‘இருபத்தேழாவது’தான் பூர்-முரா, எரிமலைப் பாதை அங்கே பிரிகிறது. கடைசிக் கடை, கடைசி பெட்ரோல் இரண்டும் அங்கேதான். அங்கிருந்து இருபத்து சொச்சம் கிலோமீட்டர். முதலில் மாடு மேயும் பச்சைப் புல்வெளி. பனி மூடினால் மாடும் தெரியாது, வேலியும் தெரியாது. பின்பக்கப் பனிமூட்ட விளக்கை இங்கே போடலாம். மழைக்கு மட்டும் போடுவது பிரெஞ்சு விதிப்படி தவறு.

வழியில் நே தெ பெஃப், அதாவது ‘மாட்டு மூக்கு’ முனையில் நிறுத்தினால் ராம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கு செங்குத்தாகக் கீழே கிடக்கும். இன்னும் மேலே பாதையோரம் கொமெர்சோன் எரிமலைவாய். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது அங்கே 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது. இன்றும் அது உலகச் சாதனை. சென்னையின் ஓராண்டு மழையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, மூன்றே நாளில். இந்தத் தீவின் சாலைகள் ஏன் அடிக்கடி மூடப்படுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பா தே சாப்ல் என்ற கணவாயைத் தாண்டியதும் செந்நிறச் சாம்பல் சமவெளி விரியும், தார் முடியும். அடுத்த ஐந்தாறு கிலோமீட்டர் முழுக்க வரிவரியான மேடுபள்ளமும் குழியும். இங்கே இருவிதத் தவறு நடக்கிறது. வரிமேல் வேகமாகப் போனால் குலுக்கல் தெரியாது என்று 50-இல் பறப்பவர்கள் குழியில் விளிம்பை வளைக்கிறார்கள். ஓரமாகப் போனால் குழி இல்லை என்று நினைப்பவர்கள் கூரிய எரிமலைக் கல்லில் பக்கவாட்டைக் கிழிக்கிறார்கள். இரண்டாம் கியர், 15 முதல் 20 கிலோமீட்டர், மற்ற வண்டிகள் போன தடம், அவ்வளவுதான். வெளிக்காற்று வரும் வழியை மூடி, உள்காற்றுச் சுழற்சியில் போடுங்கள். அந்தச் செம்புழுதி சீட்டுத் துணியில் ஏறினால், திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணமாக இறங்கும்.

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். கடற்கரையில் 22 டிகிரி என்றால் பெல்கோம்பில் 8 அல்லது 9. ஜூலை, ஆகஸ்ட் விடியலில் பூச்சியத்தைத் தொடும், கண்ணாடியில் உறைபனி படியும். வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். ஹீட்டரும் ஏசியும் ஒன்றாகப் போட்டால் உள்ளே படியும் மூட்டம் சீக்கிரம் விலகும்; ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும்.

எரிமலை வெடிக்கத் தொடங்கினால் பெல்கோம்புக்குக் கீழே உள்ள எரிமலையின் உள்வட்டத்துக்குள் இறங்கத் தடை வரும். சாலையிலும் கட்டுப்பாடு வரலாம். வெடிப்புச் செய்தி வந்த இரவில் தீவே கிளம்பிவிடும். அந்த நெரிசலில் வாடகை வண்டியோடு சிக்குவது பயணத் திட்டம் ஆகாது.

சிலாவோஸ்

சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் வரை சுமார் 35 கிலோமீட்டர். ஊர் 1,200 மீட்டர் உயரத்தில். 1932-இல் சாலை திறக்கும் வரை நோயாளிகளும் சீமான்களும் வெந்நீர் ஊற்றுக்குச் சுமைகாரர் தூக்கிய நாற்காலியில் போனார்கள். இன்று இதை ‘400 வளைவுச் சாலை’ என்கிறார்கள். கொல்லிமலையில் 70, வால்பாறையில் 40 என்று நாம் எண்ணுவது கொண்டை ஊசிகளை மட்டும். இங்கே எல்லா வளைவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆகவே எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அகலத்தைக் கேட்டுப் பயப்படலாம்.

இங்கே வண்டி அடிபடும் இடம் பாறைப் பக்கம் அல்ல, சாலை ஓரத்துச் சிமென்ட் வாய்க்கால். மழைநீர் ஓட ஆழமாக, மூடி இல்லாமல் வெட்டியிருப்பார்கள். இந்தியாவிலோ மொரீஷியஸிலோ ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்ந்து, இடப்பக்க இடைவெளியைக் கணித்துப் பழகியவர். இங்கே அமர்வது இடப்பக்கம். வாய்க்கால் இருப்பது வலப்பக்கம், அதாவது கண்ணும் பழக்கமும் எட்டாத பக்கம். எதிரே பேருந்து வந்ததும் கை தானாக வலப்பக்கம் ஒதுங்கும், சக்கரம் வாய்க்காலில் இறங்கும். மருந்து ஒன்றுதான்: வலப்பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்து, பின் சக்கரம் தெரியும்படி வைத்துக்கொள்வது. ஒதுங்குவதற்கு முன் நின்றுவிடுங்கள். நின்ற வண்டியைச் சுற்றிப் பேருந்துக்காரர் போய்விடுவார். அவருக்கு அது தினப்படி வேலை.

குறுகிய இறக்கத்தில் யார் வழிவிடுவது என்பதற்கு பிரெஞ்சு விதி தெளிவாக இருக்கிறது. இறங்குபவர் முதலில் நிற்க வேண்டும். பின்னோக்கிப் போக நேர்ந்தால், இலகு வண்டி கனரக வண்டிக்கு வழிவிட வேண்டும், லாரி பேருந்துக்கு. ஒரே வகை வண்டிகள் என்றால் இறங்குபவர் பின்னால் போக வேண்டும். ஏறுபவருக்கு ஒதுங்கும் இடம் பக்கத்திலேயே இருந்தால் மட்டும் விலக்கு. ஒற்றை வழிச் சுரங்கங்களில் முன்விளக்கு, ஹாரன், காதைத் தீட்டிக் கேட்பது, பிறகு நுழைவது. உள்ளே ஏற்கெனவே விளக்கு தெரிந்தால் வெளியே காத்திருங்கள். ‘நானும் வந்துவிட்டேன்’ என்ற வீம்புக்கு அங்கே இடமில்லை, அகலமே இல்லை.

மழைக்கு மறுநாள் வெயில் அடித்தாலும் கல் உருளும். ஊறிய பாறை மெதுவாகத்தான் விடும். படம் எடுக்கப் பாறைச் சுவருக்கு அடியில் நிறுத்தாதீர்கள். ‘ரூத் பாரே’ பலகை இருந்தால் சாலை மூடியிருக்கிறது. வேறு வழி கிடையாது. சிலாவோஸுக்கு வண்டிச் சாலை இது ஒன்றே. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைச் சிலாவோஸில் வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. பயணத்தின் நடுவில் வையுங்கள்.

மேலே போனால் சிலாவோஸ் பருப்பு வாங்காமல் வராதீர்கள். சின்னது, பழுப்பு, குழையாமல் வேகும். கூடவே முருங்கைக்கீரை கிடைத்தால் பெயரைக் கவனியுங்கள்: ‘ப்ரேத் முரூம்’. முருங்கை கப்பலேறி வந்து இப்படித் தேய்ந்திருக்கிறது.

சலாசியும் மய்தோவும்

சலாசி பள்ளத்தாக்கு எளிது. சேன் ஆந்த்ரேயிலிருந்து எல்-பூர் வரை 27 கிலோமீட்டர் அளவு. முதல் நாள் கை பழகுவதற்கு ஏற்ற சாலை. வழியில் அருவி சாலையிலேயே விழும் இடம் உண்டு. ஜன்னலை ஏற்றுங்கள், வைப்பரைப் போடுங்கள். வேலி முழுக்கப் படர்ந்திருப்பது நம் சௌ சௌ காய்தான். இங்கும் அதற்கு ‘ஷூஷூ’ என்றே பெயர். எல்-பூர் தெருக்கள் குறுகல், ஊர் வாயிலிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே இல்லை. கால்நடையாக இறங்குபவர்கள் கோல் தே பெஃப் பக்கம் காவலுள்ள கட்டண நிறுத்தத்தில் வண்டியை விடுங்கள். இரவு முழுக்கச் சாலையோரம் விட்டால் கண்ணாடி உடைந்து கிடக்கும் வாய்ப்பு உண்டு. உள்ளே ஒரு சட்டைகூடக் கண்ணில் படக் கூடாது.

மய்தோ முனை சுமார் 2,200 மீட்டர். மஃபாத்தை மேலிருந்து பார்க்கும் இடம். மேற்குக் கடற்கரையிலிருந்து நிறுத்தம் இல்லாத ஏற்றம். சின்ன எஞ்சின் மூச்சு வாங்குவது இங்கேதான் அதிகம். மலைச் சைக்கிள்காரர்கள் காட்டுப் பாதையிலிருந்து திடீரென்று சாலையைக் கடப்பார்கள். அக்டோபர், நவம்பர் வறட்சியில் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாய் போதும். 2010, 2011 காட்டுத்தீயின் தழும்பு அந்தச் சரிவில் இன்னும் இருக்கிறது.

இறக்கம்

மேலே மின்சாரக் காருக்குப் போட்ட 10 யூனிட் கணக்கை மறக்காதீர்கள். பெட்ரோல் வண்டியிலும் இறங்கும்போது அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் வாங்காவிட்டால் பிரேக் வாங்கும். பிரேக் வாங்கினால் சூடாகும். காலை மிதியிலேயே லேசாக வைத்துக்கொண்டு வருபவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும்: முதலில் கருகிய வாசனை, பிறகு மிதி கடினமாகியும் வண்டி நிற்காத நிலை. அது பேட் சூடேறியதால். மிதி மெத்தென்று ஆழமாக இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டியிருக்கிறது. பழைய எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கும், கொதிநிலை குறைந்திருக்கும். வாடகை வண்டியில் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் சொல்வது இங்கும் வேதம். சிலாவோஸில் இரண்டாம் கியர், நெடுஞ்சாலை 3-இல் மூன்றாம் கியர். எஞ்சின் சுற்று 3,500, 4,000 என்று கத்தினாலும் கெடாது. அந்த நிலையில் பெட்ரோல்கூட ஊசியிலிருந்து இறங்காது. பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக, குறுகிய நேரம் பிடித்து, முழுக்க விடுங்கள். வாசனை வந்தால் முதல் ஒதுக்கிடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, இருபது நிமிடம். கொதிக்கும் டிஸ்கின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

நேரம், பெட்ரோல், மழை

மேகம் காலை ஒன்பது, பத்துக்கே ஏறிவிடும். மய்தோவுக்கும் எரிமலைக்கும் விடியலில் இருக்க வேண்டும் என்றால் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். அங்கேதான் சிக்கல்: இங்கே பெட்ரோல் போடுவது ஊழியர்கள், தானே போட்டுக்கொள்ளும் தானியங்கி பம்பு கிடையாது. இரவில் பெரும்பாலான பெட்ரோல் பங்குகள் மூடிவிடும். முந்தின மாலையே நிரப்பிவிடுங்கள். விலையை மாதந்தோறும் அரசு நிர்ணயிக்கிறது, தீவு முழுக்க ஒரே விலை. மலிவான பங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘சான் ப்ளோம்’ பெட்ரோல், ‘காஸ்வால்’ டீசல்.

ஞாயிற்றுக்கிழமை, பூர்-முரா இருக்கும் பிளேன் தே காஃப்ர் சமவெளிக்குப் போகாதீர்கள். அண்டாவும் அடுப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கூட்டாஞ்சோறு பொங்க வந்திருப்பார்கள். மாலையில் எல்லாரும் ஒரே சாலையில் இறங்குவார்கள். நின்று நின்று இறங்கினால் கிளட்சும் பிரேக்கும் சேர்ந்து அழும். சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் யாரும் சாலையில் இறங்கக் கூடாது. அந்த நாள்களுக்கும் வாடகை ஓடுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். புயல் இல்லாத மழையிலும் தரைப்பாலங்களைக் கவனியுங்கள். இங்கே ‘ராதியே’ என்பார்கள். 30 சென்டிமீட்டர் ஓடும் நீர் சின்னக் காரை நகர்த்திவிடும், அது காய்ந்திருந்தபோது எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

திருப்பிக் கொடுக்கும்போது

விமான நிலையத்துக்குச் சற்று முன்னே பங்கில் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதிச் செம்புழுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது நல்லது. கீறலை மறைக்க அல்ல. புழுதிக்கு அடியில் கீறல் இருக்கிறது என்று அவர்கள் ஊகிக்காமல் இருக்க. மேசையில் ஆள் இல்லாத அதிகாலை என்றால் சாவியைப் பெட்டியில் போடச் சொல்வார்கள். ‘பிறகு கண்டோம்’ என்று வாரம் கழித்துக் கார்டில் பிடிப்பது பெரும்பாலும் இப்படி விட்ட வண்டிகளில்தான். நான்கு சக்கரம், முன் கண்ணாடி, கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் நிறுத்துமிடத்தின் எண் தெரியும்படி ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்துவிட்டு, அதன் பிறகு சாவியைப் போடுங்கள்.